இருபத்துமூன்று கிலோவும் ஒரு பொட்டலமும்

தன் மனைவி ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகக் கூடாது என்று கந்தவேல் திடமாக முடிவெடுத்தபோது, அவரே வைத்த வாழ்த்து பேனர் புதுச்சத்திரம் பைபாஸ் ஓரத்தில் பத்து நாளாக ஆடிக்கொண்டிருந்தது. 'கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் எங்கள் குலவிளக்கே' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. குலவிளக்கின் படம் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் இருந்தது. மீதி இடம் முழுக்கக் கந்தவேல் கைகூப்பி நின்றார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. முப்பது பேருக்கு முதலாளி. பட்டறையில் அவர் செருமினால் வெல்டிங் நிற்கும். வீட்டில் செருமினால் ஸ்ரீதேவி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அத்தோடு சரி.

ஸ்ரீதேவிக்கு வயது நாற்பத்து மூன்று. கோழித் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தீவனத்தில் உள்ள கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, புள்ளி புள்ளியாக எண்ணி எழுத வேண்டும். இருபது வருடம் இதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் எண்ணாமல் விடமாட்டாள். கல்யாணப் பந்தியில் எத்தனை இலை போட்டிருக்கிறது என்பது சமையல்காரருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மகன் யோகேஷ் கோயமுத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனதும், உணவுப் பாதுகாப்பில் ஒரு வருட மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். அப்போது கந்தவேல் பெருந்தன்மையின் உச்சியில் இருந்தார். "படிக்கட்டுமே. நானென்ன அந்தக் காலத்து ஆளா?" என்று பட்டறையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், மூன்று கல்யாணத்திலும் ஒரு துக்க வீட்டிலும் சொன்னார். எப்படியும் கிடைக்காது என்ற தைரியம்தான். கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் சேர்ந்தே வந்தது.

அன்றிலிருந்து ஸ்ரீதேவி வீட்டுக்குள் நடந்து யாரும் பார்க்கவில்லை. ஓட்டம்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுவதைக் கேட்டபடியே தோசை சுட்டாள். அவர்கள் பேசுவது பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்கும் சிரித்துக்கொண்டாள். ஏப்ரல் மாத வெயிலில், புழு கூட நிழலுக்கு ஒதுங்கும் மதியத்தில், கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடியில் பத்துச் சுற்று நடந்தாள்.

"ஏம்புள்ள, வேர்த்து ஊத்துது. அதக் கழட்டேன்."

"பழகோணுமுங்க. அங்க போயிப் பட்டன் போடத் தெரியாம நிக்க முடியுமா?"

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, பெட்டி. விமானத்தில் இருபத்துமூன்று கிலோதான் கணக்கு. பட்டறையிலிருந்து தராசு ஒன்றைத் தூக்கிவரச் சொல்லி, கூடத்தின் நடுவில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு சாமானும் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் பெட்டிக்குள் போனது.

"ஏனுங்க, பருப்புப்பொடி எண்ணூறு கிராமுங்க. புளிக்காய்ச்சல் அறநூறு."

"என்ற போட்டோ?"

"எதுங்க, அந்த மரச்சட்டம் போட்டதா? அது ஆயிரத்து எறநூறுங்க."

"சட்டத்தக் கழட்டிப்போட்டு எடுத்துட்டுப் போ."

"கண்ணாடி இல்லாட்டி ஊறிப்போயிருமுங்க. அங்க எந்நேரமும் மழையாமா."

"அப்ப?"

"அப்ப ஒரு கிலோ கொள்ளு சேத்தி வெச்சுக்கலாமுங்க. மிச்சம் எறநூறுக்கு மொளகு."

தன் இடத்தில் கொள்ளு போய் உட்கார்ந்ததைக் கந்தவேல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த இடத்தில்தான் முடிவெடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அவருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. பைபாஸ் முழுக்க ஹோட்டல்தான். ஆனால் இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஸ்ரீதேவி அதிகபட்சம் வெளியில் தங்கியது நான்கு நாள். தம்மம்பட்டியில் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அந்த நான்கு நாளில் கந்தவேல் முப்பத்தெட்டு முறை போன் செய்தார். எண்ணியது அவள். துண்டு எங்கே, உப்பு எது, சாவி எங்கே என்று கேட்டு, கேட்க ஒன்றும் மிஞ்சாமல் கடைசியில் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்த சுவிட்சை மாட்டியதே அவர்தான். அவள் இல்லாத வீடு அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேனரில் கைகூப்பி நிற்கிற மனிதர் அப்புறம் என்ன ஆவார்?

ஆகவே பட்டறைக்கு வண்டி விட்டிருந்த லாரி முதலாளி சென்றாயனிடம் போனார். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"போக வேண்டாம்னு சொல்லிப்போடு மாப்ள," என்றார் சென்றாயன்.

"நா எப்பிடிச் சொல்றது? பேனர் வெச்சிருக்கறனே."

"கழட்டிப்போடு."

"ஊரே பாத்துருச்சு."

சென்றாயன் கொஞ்ச நேரம் தன் லாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். "அப்ப நீ சொல்ல வேண்டாம். சாமி சொல்லட்டும். கொலசாமிகிட்டப் பூக் கேளு."

கந்தவேல் குடும்பத்தில் கிணறு வெட்டுவதென்றாலும் பெண் எடுப்பதென்றாலும் கரைமேட்டு அங்காளம்மனிடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கேள்வியைக் கேட்டால், பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பொட்டலத்தைக் குடும்பத் தலைவர்தான் வீட்டிலேயே, யாரும் பார்க்காமல் கட்டி எடுத்துவர வேண்டும். பூசாரி மேல் பழி வரக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு முன்யோசனைக்காரர் ஏற்படுத்திய வழக்கம். குடும்பத் தலைவர் மேலேயே சந்தேகம் வரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரும் ஒரு குடும்பத் தலைவராகத்தான் இருந்திருப்பார்.

"பொட்டலம் நாந்தான் கட்டோணும்," என்றார் கந்தவேல் மெதுவாக. "ரெண்டுலயும் செவப்பையே வெச்சுட்டா?"

சென்றாயன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நா ஒன்னும் கேக்கல மாப்ள. எனக்கும் அதே கொலசாமிதான்."

அன்று சாயங்காலம் கந்தவேல் பேச்சை எடுத்தார். "கடல் தாண்டிப் போற. ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாம் தேவி."

தராசில் கடுகு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்னு வந்துட்டா என்னங்க பண்றது?"

"ஆத்தா வாக்க மீறலாமா? நீயும் மீறக் கூடாது, நானும் மீற மாட்டேன்."

"நீங்களும் மீற மாட்டீங்க?"

"சத்தியமா மீற மாட்டேன்."

"செரிங்க," என்றாள். கடுகு டப்பாவை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் பெட்டியைத் திறக்கவில்லை. காதில் ஒயரும் மாட்டவில்லை. வீடு முழுக்கச் சத்தம் குறைந்துபோனது. கந்தவேலுக்கு அது என்னவோ போல்தான் இருந்தது. இருந்தாலும் எடுத்த முடிவு முடிவுதான் என்று இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் போனார். ஒரு பக்கம் செவ்வரளி, ஒரு பக்கம் நந்தியாவட்டை. செவ்வரளியில் நான்கு பூப் பறித்தார். செய்தித்தாளைக் கிழித்து, இரண்டிரண்டாக வைத்து, இரண்டு பொட்டலத்தையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றினார். முப்பது வருடமாக லாரிக்கு இரண்டு பக்கமும் பிசகாமல் பலகை அடித்த கை அது. எது எது என்று அவருக்கே தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், தாம்பாளத்தோடு ஸ்ரீதேவி நின்றாள்.

"பொட்டலம் கட்டியாச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

அவள் நந்தியாவட்டைச் செடிக்குப் போய் ஒவ்வொரு பூவாகப் பறித்துத் தாம்பாளத்தில் போட்டாள். "நேத்துப் பொழுதோட மொட்டு இருபத்தொன்னு இருந்துச்சுங்க. இப்பப் பூவும் இருபத்தொன்னு இருக்குது."

"பரவால்லையே, எல்லாம் பூத்துருச்சா," என்றார் கந்தவேல், பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க. ஒன்னு கூடக் கொறையல."

காரில் போகும்போது அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்தபடி வந்தாள். சாமி பயம் என்று நினைத்துக் கந்தவேல் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார். எல்லாம் நல்லதுக்குத்தான் என்பது அதில் ஒன்று.

பூசாரி பச்சமுத்து இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். "போறது அம்மிணிதானுங்க? அப்ப அவீங்க வாயாலயே கேக்கோணும். சத்தமாக் கேளுங்க சாமி."

ஸ்ரீதேவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கைகூப்பினாள்.

"ஆத்தா, எனக்குப் படிக்கோணும்னு ரொம்ப ஆச. இந்த வயசுல இன்னொரு தடவ கெடைக்காது. ஆனா இவரு ஒத்தையில இருந்தாத் தவிச்சுப்போவாரு. துண்டு எடுத்துக் குடுக்கக் கூட ஆள் வேணும். அதனால கேக்கறேன். நான் போகாம இவரு கூடவே இருந்துரட்டுமா?"

சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறாளே என்று கந்தவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளுக்குப் போய்ப் பொட்டலம் கட்டினோமே என்று ஒரு நிமிடம் வெட்கப்பட்டார். அந்த ஒரு நிமிடத்தில் பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டார்.

"செவப்பு."

"பாத்தயா தேவி," என்று கந்தவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆத்தா போக வேண்டாங்கறா. நாம என்ன பண்ண முடியும், சொல்லு."

பச்சமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, கவனம் எங்க இருக்குது? அம்மிணி கேட்டது இருந்துரட்டுமான்னு. ஆத்தா இருக்க வேண்டாங்கறா. பொறப்படச் சொல்லிட்டாளுங்க."

கந்தவேல் அம்மனைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். கடைசியில்தான் மனைவியைப் பார்த்தார். அவள் பக்தியோடு கண்ணை மூடியிருந்தாள்.

"இல்லீங்க பூசாரி, கேள்வியக் கொஞ்சம் மாத்தி இன்னொருக்கா..."

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க."

ஸ்ரீதேவி கண்ணைத் திறந்தாள். "இவருக்கு மனசு ஆறலீங்க பூசாரி. மிச்ச பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டீருங்களே. அதுல வெள்ள இருக்கறதப் பாத்தா நம்பிக்க வந்துரும்."

பூசாரியின் கை பொட்டலத்தை நோக்கிப் போனது. அதற்குள் கந்தவேல் பாய்ந்தார். நாற்பத்தெட்டு வயதில், நூற்றிரண்டு கிலோ எடையில், அவ்வளவு வேகம் தனக்கு இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. ஆத்தா சொன்னாச் சொன்னதுதான். பிரிச்சுப் பாத்தா நம்பலைன்னு ஆயிரும்."

"இது பக்தி," என்றார் பச்சமுத்து. கோயிலுக்கு வந்திருந்த நான்கைந்து பேரும் தலையாட்டினார்கள். ஸ்ரீதேவி வாங்கி வந்திருந்த கற்கண்டைக் கந்தவேல் தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். "ஸ்காட்லாந்து போறாங்க. ஆத்தா உத்தரவு," என்று தன் வாயாலேயே சொல்லவும் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டம் மறுபடி ஆரம்பித்தது. காதில் ஒயர் ஏறியது. பெட்டி திறந்தது. துவைக்கப் போடுவதற்காக அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து, எப்போதும் போலப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். பொட்டலம் அகப்பட்டது. பிரிக்கவில்லை. தராசில் வைத்தாள். முள் அசையக்கூட இல்லை. பெட்டியில் கம்பளிக் கோட்டுக்கும் கொள்ளுக்கும் நடுவில் பத்திரமாகச் செருகினாள்.

கந்தவேல் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அது எதுக்குப் புள்ள அங்க?"

"இருக்கட்டுமுங்க. வெசா, டிக்கெட்டெல்லாம் ஆகற வரைக்கும் உங்களுக்கு வேற ரோசன எதுவும் வராம இருக்கோணுமில்ல."

"அப்பறமாவது எடுத்துருவயா?"

"எதுக்குங்க? அங்க போயி நெனச்சுக்க உங்க போட்டோ இல்லியேன்னு வருத்தமா இருந்துச்சு," என்று ஸ்ரீதேவி பெட்டியை மூடினாள். "இனி இதே போதுமுங்க, உங்கள அப்படியே பாக்கற மாதிரி இருக்குது."