எட்டாம் பாடம் வருவதற்குள்

என் மாமியாரை முப்பது வருஷத் தேயிலை வேலையிலிருந்து நீக்கியது நான்தான். துரை இல்லை, கம்பெனி இல்லை, நான். அதுவும் கல்யாணமாகி நாலாவது மாதத்தில், ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில். (மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று என் சிநேகிதிகள் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.)

எண்பதுகளில் நடந்தது. என் அப்பா கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரி. ஐந்தாம் படிவம் வரை படித்த நான், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் தனபாலன் தோட்டத்து ஆலையில் லோரி ஓட்டினார். மாமியார் பாக்கியம் கொழுந்து பறித்தார். நான் தபாலில் வணிக ஆங்கிலம் படித்தேன்.

மாதம் ஒரு பாடம் கோலாலம்பூரிலிருந்து வரும். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கி ஏழு பாடம் முடித்திருந்தேன். லாபம், பதவி உயர்வு, புதுக் கிளை திறப்பு என்று அத்தனைக்கும் ஆங்கிலச் சொல் மனப்பாடம். அந்த ஏழு பாடங்களிலும் எந்தக் கம்பெனிக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. எல்லாம் வளர்ந்துகொண்டே இருந்தன. என் தலைக்கனமும் கூடவே வளர்ந்தது. லைனில் மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் தயங்காமல் அர்த்தம் சொல்வேன். (யாரும் சாகவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம்.)

ஒரு புதன்கிழமை ஆபீஸ் சுவரில் தலைமை ஆபீஸின் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. முழுக்க ஆங்கிலம். வழக்கமாக விளக்கம் சொல்லும் ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் கிராணியார், தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஈப்போ போயிருந்தார். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் முன்னால் நிறுத்தினார்.

“எல்லாம் தள்ளி நில்லுங்க. எங்க மருமக படிக்கட்டும்!”

‘ரிட்ரென்ச்மென்ட் எக்சர்சைஸ்’ என்று தலைப்பு. ரிட்ரென்ச்மென்ட் என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ட்ரெஞ்ச் தெரியும், பள்ளம். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் வடிய வெட்டும் லோங்காங். முன்னால் ‘ரி’ வந்தால் மறுபடியும். எக்சர்சைஸ் என்றால் உடம்பை வளைத்துச் செய்வது. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு அழகாக வந்தது.

“லோங்காங்கை எல்லாம் மறுபடி வெட்டப் போறாங்க. இருபது பேர் வேணுமாம். தானா பேர் குடுக்கிறவங்களுக்குத்தான் முதல் இடம். கூடுதல் பணமும் உண்டு.”

கூட்டம் சலசலத்தது. கொழுந்து பறிப்பதென்றால் முதுகில் கூடை, காலில் அட்டை, மாலை வரை மழை. லோங்காங் வேலைக்கோ அளந்து கொடுத்ததை வெட்டி முடித்தால் பகலிலேயே வீடு.

“பொம்பளைங்களையும் எடுப்பாங்களா?” என்று கேட்டார் அத்தை.

“ஆம்பளைன்னு போடலையே அத்தை.”

“அப்ப என் பேர முதல்ல எழுது லா!”

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. இருபது பேர் சேர்ந்த பிறகும் ஒருவர் எனக்குப் பப்பாளி கொண்டுவந்து கொடுத்து இடம் கேட்டார். நான் நேர்மையாக மறுத்துவிட்டேன். (பப்பாளியை மறுக்கவில்லை.) பிறகு உட்கார்ந்து தோட்ட மேனேஜரான துரைக்கு விண்ணப்பம் எழுதினேன். அதன் தமிழ் இதுதான்: “எங்களை உடனே ரிட்ரென்ச் செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு உடல் பலம் இருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே தயார்.”

வெள்ளிக்கிழமை அதை ஆபீஸில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை இருபது பேரும் தோளில் மண்வெட்டியோடு ஆபீசுக்குப் போனார்கள். முன்னால் அத்தை, பின்னால் நான். துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். உடனே ஜன்னல் மூடியது. கதவும் மூடியது. உள்ளே மேசையை இழுக்கும் சத்தம் கேட்டது.

“பயப்படாதீங்க தொரே! நாங்க வேலைக்குத்தான் வந்திருக்கோம்!” என்று கத்தினார் அத்தை.

அந்த நேரத்தில்தான் ஈப்போவிலிருந்து திரும்பிய கிராணியார் வந்தார். நடந்ததைக் கேட்டார். சுவரில் இருந்ததைப் படித்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“பாக்கியம்மா, இது ஆள் குறைக்கிற பட்டியலு. தேயிலை விலை விழுந்துடுச்சு, இருபது பேர நிப்பாட்டப் போறாங்க. நீங்க, எங்கள நிப்பாட்டுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து இறங்கின. பத்தொன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வேலை போனால் பலருக்கு லைன் வீடும் போகும்.

கிராணியார் என்னைத் துரையிடம் அழைத்துப் போனார். துரையின் முகத்தில் பெரிய நிம்மதி இருந்தது. யாரை நீக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு என் கடிதம் தெய்வமாக வந்திருக்கிறது. “எங்கள் ஆட்கள் கம்பெனியின் கஷ்டம் புரிந்தவர்கள்” என்று தலைமை ஆபீசுக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஏழு பாடமும் ஓடிவிட்டது. “சார்... ட்ரெஞ்ச்... டிக், டிக்” என்று மண்வெட்டி பிடிப்பதுபோல் கையால் வெட்டிக் காட்டினேன். முதலில் நான் அவரை மிரட்டுவதாக நினைத்தார். புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விருப்பமில்லாதவர்கள் பெயரை அடித்துவிடலாம் என்றார்.

வெளியே வந்து ஒவ்வொரு பெயராக அடித்தேன். கடைசியாக அத்தையிடம் போனேன்.

“மன்னிச்சிருங்க அத்தை. உங்க பேரையும் அடிச்சிடறேன்.”

“இரு. தானா போனா கூட காசு குடுப்பாங்கன்னியே, அது நெசமா?”

“அது நெசந்தான்.”

“அப்ப விடு. வீடு எம்மவன் பேர்ல இருக்கு. எனக்கும் முட்டி தேஞ்சு போச்சு. எப்படி விடறதுன்னு தெரியாமத்தான் ஏறிக்கிட்டிருந்தேன்.”

இதைச் சொல்லும்போதும் சிரிக்கவில்லை. ஒரு மாதம் என்னைச் சுற்றத்தார் முன்னால் ‘மேனேஜரம்மா’ என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் துரை வேறு பட்டியல் ஒட்டினார். நான் அடித்த பெயர்களில் சில அதில் மறுபடி இருந்தன. அந்த முறை சிரிக்க எதுவும் இல்லை. அதே வாரம் தபாலில் எட்டாம் பாடம் வந்தது. தலைப்பு, கம்பெனிகளின் கஷ்ட காலம். முதல் சொல்லே ரிட்ரென்ச்மென்ட்தான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அவர் அந்த ஒரு சொல்லை என்னைவிடச் சுத்தமாக உச்சரிப்பார்.

பிறகு மலையிலேயே திரிங்காப்பில் நிலம் எடுத்து அத்தையும் நானும் பூ வளர்த்தோம். நன்றாகவே நடந்தது.

போன வருஷம் என் மகள் கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரியாகச் சேர்ந்தாள். அத்தைக்குத் தொண்ணூறு வயது. என்ன வேலை என்று விசாரித்தார்.

“ஆளுங்கள வேலைக்கு எடுக்கிறது பாட்டி. சில நேரம் நிப்பாட்டுறதும்.”

அத்தை என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நல்லா பண்ணு. ஒங்கம்மா சம்பளமே வாங்காம பண்ணவ.”