ரங்கராஜன் கண்ணில் நான் விட்ட சொட்டு மருந்து

ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "ரங்கராஜன்!" என்று மொட்டையாகக் கூப்பிடக் கூடாது. பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரியான எனக்கே இது தோன்றாததுதான் கொடுமை.

கண் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. பரிசோதனைக்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விடுவது என் வேலை. (விட்டால் ராத்திரிவரை பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கல்; வெளிச்சம் பட்டால் கண் கூசும்.) வெள்ளைக் கோட்டு மாட்டியதும் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

என் குரலுக்கு ஓர் இளைஞர் எழுந்து வந்தார்.

"அப்பாவோட கண்ணாடி..."

"பேசக் கூடாது. அண்ணாந்து பாருங்க."

"இல்லங்க, நான் வந்து..."

"பேசக் கூடாதுன்னேன்ல!"

இரண்டு கண்ணிலும் விட்டாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மூலையிலிருந்து ஒரு பெரியவர், "ரங்கராஜன்னு கூப்பிட்டியேம்மா, எனக்கு எப்ப மருந்து விடுவே?" என்றார். நான் இளைஞரிடம் ஓடிப்போய் விசாரித்தேன்.

அவர் பெயரும் ரங்கராஜன்தான்; ஆனால் அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போக வந்தவர். போதாக்குறைக்கு, அன்று மாலை சமயபுரத்தில் அவர் பெண் பார்க்கப் போக வேண்டும்!

டாக்டரம்மா என்னை முறைத்துவிட்டு அவருடைய அம்மாவுக்கு போன் போட்டார். "நாங்க சொன்னா யாரு நம்புவாங்க? அந்தப் பொண்ணையே கூட அனுப்புங்க" என்றார் அந்த அம்மா.

போனேன். பெண் வீட்டுக் கூடத்தில் பளீரென்று டியூப்லைட். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. காபி டம்ளரை எடுக்கப் போய் கேசரிக்குள் கையை விட்டார். பெண்ணின் அப்பா மெதுவாக, "மாப்பிள்ளைக்குப் பார்வை எப்படிங்க?" என்று இழுத்தார்.

நான் துள்ளி எழுந்தேன். "நல்ல பார்வைங்க! நான்தான் கெடுத்தேன்!"

நான் மூச்சுவிடாமல் நடந்ததைக் கொட்டினேன். கதவோரம் நின்ற பெண் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துப் பார்த்தாள். முடியவில்லை, வெடித்துச் சிரித்தாள். நேரே அவர் முன்னால் வந்து நின்று, "என்னைத் தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை இடுக்கினார். "மூஞ்சி தெரியலைங்க. ஆனா பளபளன்னு இருக்கீங்க."

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. எனக்குத் தனிப் பத்திரிகை வந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது வாசலிலேயே அம்மா மறித்து, "தம்பி, கண்ணுக்கு மருந்து எதுவும் விட்டுக்கிட்டு வரலையே?" என்று கேட்டாள். அந்தத் தம்பிதான் இப்போது என் கணவர். விருந்தாளி யார் வந்தாலும் பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்: "நான் நல்லா, தெளிவா பார்த்துத்தாங்க கட்டிக்கிட்டேன். யாரைப் போய்க் குத்தம் சொல்றது?"