உன் நலம் போலீஸ் மூலம் அறிந்தேன்

அன்புள்ள மகன் குணசீலனுக்கு, அப்பா சின்னுசாமி எழுதிக்கொள்வது. நாமக்கல்லில் நானும் உன் அம்மாவும் பண்ணைக் கோழிகள் நாலாயிரமும் நலம். உன் நலத்தைப் போலீஸ் மூலம் அறிந்துகொண்டேன்.

உன் பேரில் ஒரு திருட்டுப் புகார் இருக்கிறது. பதற வேண்டாம், கொடுத்தது நான்தான். தீவனம் வைக்கிற நேரத்தில் ஃபோனைத் தடவுகிறாய் என்று பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன் அல்லவா, அன்றைக்கு "என்னைத் தேட வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனவன் ஏழு மாதமாகப் பேச்சுமூச்சில்லை. ஸ்டேஷனுக்குப் போனால், இருபத்தாறு வயதுப் பையன் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறான், இதில் என்ன குற்றம் என்கிறார்கள். ஃபோனில் அவன் படமும் வீடியோவும் போடுகிற கணக்கை வைத்திருக்கிற கம்பெனியையாவது கேளுங்கள் என்றேன். கேஸ் இருந்தால்தான் சட்டப்படி நோட்டீஸ் அனுப்ப முடியும் என்றார் மோகனப்பிரியா என்கிற போலீஸம்மா. கேஸ்தானே வேண்டும்? நீ பஸ் ஸ்டாண்டில் விட்டுப் போன நம் மொபெட்டை நீ திருடிவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மொபெட்டில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அந்தம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுத உள்ளே போனார்.

நோட்டீஸ் தங்கள் படிவத்தில் இல்லை என்று கம்பெனி முதலில் திருப்பி அனுப்பியது. அப்புறம் கணக்கின் பெயர் வேண்டும் என்றது. உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போய், ஸ்டேஷன் நடுவில் எல்லோரும் கேட்க, "குற்றவாளியின் கணக்குப் பெயர் கொக்கரக்கோ கிங்" என்று நான் சொல்ல வேண்டி வந்தது. மூன்றாம் தடவை பதில் வந்தது. நீ என்ன பேசினாய் என்பதையெல்லாம் இந்த நோட்டீசுக்குத் தர மாட்டார்களாம். எந்த நம்பரில் திறந்தது, எப்போது, எங்கிருந்து உள்ளே போகப் பார்த்தது, அவ்வளவுதான். நம்பர் என்னுடையது. பத்தாவது படிக்கையில் என் ஃபோனில்தான் திறந்திருக்கிறாய். ஆடிப் பதினெட்டு அன்று காலை பத்து ஐந்துக்கு ராய்ப்பூரில் ஒரு லாட்ஜிலிருந்து யாரோ உள்ளே போகப் பார்க்க, ஓடிபி எனக்கு வந்திருக்கிறது.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண் வந்த கையோடு தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். கட்டின தொண்டை. "சாப்ட்டீங்களா" என்றான். திருடர்கள் இப்போது சாப்பாடு விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள் போல என்று நினைத்தேன். "ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்குமுங்க, அதைச் சொல்றீங்களா" என்றான். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று பால் சொசைட்டியில் போலீஸார் கூட்டம் போட்டுச் சொன்னது முந்தின வாரம்தான். "உன்னையப் பெத்தவனுக்கு வெக்கமில்லையாடா" என்று கேட்டேன். அவன் வைத்துவிட்டான். அந்த நம்பரையும் புகார் கொடுத்து முடக்கினேன். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

மோகனப்பிரியா தேதியைப் படித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையில் ஒரு கோழி இருமினால் எந்தக் கூண்டு என்று சொல்கிறவன் நான். பெற்ற பிள்ளையின் குரல் தெரியவில்லையே சாமி. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாம் என்று அவள் தினமும் சொல்லுவாள், நான் எழுந்து தீவனம் வைக்கப் போய்விடுவேன்.

அது போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் தங்குகிற லாட்ஜாம். உன் தொண்டை பாறைத் தூசியில் கட்டியது என்று இப்போது புரிகிறது. லாட்ஜுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் இந்தியில் ஏதோ கேட்டார், நான் தமிழில் உன் அங்க அடையாளம் சொன்னேன், வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

உடனே கிளம்பி வா என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ நேரில் வந்து நின்றால்தான் புகாரை வாபஸ் வாங்குவேன். ஓடிபி விஷயத்திலும் நான் மாறுவதாக இல்லை, யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீயும் எச்சரிக்கையாக இரு. வெந்நீர் குடி. நாமக்கல் ஆஞ்சநேயர் உன் தொண்டையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
புகார்தாரரும் அப்பாவுமான
சின்னுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஃபோன் சிணுங்கியது. மறுபடி ஒரு எண் வந்திருக்கிறது: 407318. நீயா, நிஜத் திருடனா தெரியவில்லை. பத்து நிமிடத்தில் செல்லாமல் போய்விடுமாம், கடிதம் வந்து சேர ஐந்து நாளாகும். கூப்பிடுவாய் என்று ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன், கூப்பிடவில்லை. இருந்தாலும் எழுதியிருக்கிறேன். இனி எவன் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நீ முதலில் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. சாப்ட்டேன் சாமி.