எங்கள் குண்டும் பனி வாரும் வண்டியும்

உலகத்தில் அணுகுண்டே இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊரின் ஏகமனதான கொள்கை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் கோதுமை வயலோரம், முள்வேலிக்குள், பூமிக்கடியில் ஓர் அணு ஏவுகணை நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பெண்கள் நாங்கள் பதாகை பிடிப்போம். எங்களைத் தடுக்க வரும் பட்டாளத்துக்காரர்கள் குளிரில் நடுங்குவார்கள். பாவம் என்று காப்பி கொடுப்போம். சமாதானச் சங்கத் தலைவி நான்தான்.

போன வருஷம் ஒரு விபரீதம் நடந்தது. அரசாங்கம் எங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது.

தலைநகரிலிருந்து வந்த அதிகாரி புரூயிட், தேவாலயக் கூடத்தில் அறிவித்தார்: "பொதுமக்களின் மேலான விருப்பத்துக்கிணங்க, மேற்படி ஏவுகணை அகற்றப்படும்."

எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கை தட்டினேன். என் வீட்டுக்காரர் வெர்லின் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆர்லிஸ், தட்டினது போதும். குண்டு போயிட்டா ரோட்டுல பனிய யாரு வாருவா?"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குண்டுக்குப் போகிற ரோடு என்பதால்தான் அரசாங்க வண்டி விடியும் முன்பே பனியை வாரிவிட்டுப் போகிறது. அதே ரோட்டில்தான் இவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். ஒரு வாரம் ரோடு அடைத்துக்கொண்டால் இவர் இல்லை.

"சார், குண்ட எடுத்தாலும் பனி வண்டி வருமில்ல?"

"எதுக்கும்மா? குண்டே இல்லாத ரோட்டுல யாரு போகப் போறா?"

"இவரு போவாருங்க. டயாலிசிஸ் பண்ணணும்."

"தேசப் பாதுகாப்புக்கு இவர் அவசியமா?"

"எனக்கு நான் அவசியங்க" என்றார் வெர்லின். அதற்கான விதி புரூயிட்டிடம் இல்லை.

ட்வைட் பாதிரியார் எழுந்தார். "குண்டு ஒழியணும்னு வாராவாரம் ஜெபம் பண்றேன். ஆண்டவர் இவ்வளவு அவசரப்படுவார்னு நெனைக்கல."

"பக்கத்து ஊர்ல இருக்கறத மொதல்ல எடுங்க!" என்றேன்.

"அங்க கேட்டாச்சும்மா. உங்களோடத மொதல்ல எடுக்கச் சொன்னாங்க."

"அப்ப ரஷ்யாக்காரன் எடுக்கட்டும், பாப்போம்!"

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க" என்று புரூயிட் பையை மூடினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குண்டு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இந்த ஈஸ்டருக்கும் கொட்டும் பனியில் பதாகை பிடித்தோம். 'உலகின் எல்லாக் குண்டுகளையும் ஒழி.' அதன் கீழே சின்ன எழுத்தில் நான் தைத்துச் சேர்த்தது: 'இது தவிர.' வேலி வரைக்கும் ரோடு பளிச்சென்று இருந்தது.

ரஷ்யாவிலும் பனி கொட்டுமாமே. அங்கேயும் ஒருத்தி தன் வீட்டுக்காரருக்காக இதையே தைத்துக்கொண்டுதான் இருப்பாள். அப்படிப்பட்டவளை நம்பி நாங்கள் எப்படிக் குண்டை எடுப்பது?