தலைமேல் ஏறிய வண்டி

தலைக்கோட்டை நாட்டில் கல்லுக்குக் கூட மரியாதை உண்டு. மனிதருக்கு அப்படியொரு ஏற்பாடு இன்னும் செய்யப்படவில்லை.

பாறையிலிருந்து பிளந்த நொடியிலிருந்து கல் மன்னருக்குச் சொந்தம். மன்னருடையது எதுவும் தரையில் படக்கூடாது. ஆகவே குழியிலிருந்து கோட்டை வரை பெண்கள் அதைத் தலையில் சுமந்தார்கள். ஏழு தலைமுறையாக உயர்ந்துகொண்டிருந்த மதில் யாரைத் தடுக்க என்று எவரும் கேட்டதில்லை. கேட்பதும் மரியாதை இல்லை.

சடைச்சி பன்னிரண்டு வயதில் தலையில் சும்மாடு வைத்தவள். முப்பத்தெட்டில் அவள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. சோற்றில் கை வைத்தால் சூடா, ஆறினதா என்று தெரியவில்லை. எலும்பு வைத்தியர் கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு குந்திருச்சு தாயி. மழைக்காலம் வரைக்கும் இப்படியே சுமந்தா ரெண்டு கையும் செத்துப்போகும்.”

மழைக்கு நான்கு மாதம் இருந்தது. கிணற்றடியில் கிடந்த பழைய உருளையைச் சக்கரமாக்கினாள். இரண்டு கம்பு, நடுவே தொட்டில் போல ஒரு சாக்கு. கல் சாக்கில் தொங்கியது, தரையில் படவில்லை. ஒரே நடையில் நாலு கல் மேலே போனது.

மேஸ்திரி வழிமறித்தார். “என்னம்மா இது? யாரு செய்யச் சொன்னா?”

“கழுத்து சொல்லுச்சுங்க.”

வேறு நாளாக இருந்தால் சவுக்கடி விழுந்திருக்கும். சடைச்சியின் நல்ல நேரம், அரண்மனை அப்போது துக்கத்தில் இருந்தது. எந்த நாடு எத்தனை புதுப்பொருள் கண்டுபிடித்தது என்று வரிசைப்படுத்திய பட்டியலில் தலைக்கோட்டை கடைசி. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கரைநாடு முதலிடம். மன்னர் உடனே புதுமைத் துறை ஒன்றைத் தொடங்கி, அதற்கு மங்களமூர்த்தி என்பவரை அமைச்சராக்கினார். ஓராண்டில் அந்தத் துறை கண்டுபிடித்த ஒரே புதுமை அந்தத் துறைதான். வண்டிச் செய்தி கேட்டதும் அமைச்சர் மேளத்தோடு வந்து சடைச்சியையும் வண்டியையும் சபைக்கு அழைத்துப் போனார்.

சபையில் சடைச்சி கைகட்டி நின்றாள். “சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது சாமி. எனக்கு ஏன்னு புரியல. குறை தெரிஞ்சா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.”

மன்னர் முன் வைத்த பொருளில் குறை சொன்னால் மன்னரைக் குறை சொன்னதாக ஆகும் என்பது அந்நாட்டுப் பண்பாடு. ஆகவே எல்லோரும் கைதட்டினார்கள். சக்கரம் ஏன் இழுக்கிறது என்பது அந்தச் சபையில் கடைசிவரை தெரியவில்லை.

முன்னோர் பெருமை மன்றத்துப் பண்டிதர் வண்டியை மூன்று முறை சுற்றிவந்தார். “மன்னா, இது நம் முன்னோரிடம் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.”

“அப்ப ஏங்க சாமி நாங்க தலையில சுமந்தோம்?” சடைச்சிக்கு நிஜமாகவே சந்தேகம்.

“இருந்தது அம்மா. மரியாதை கருதிப் பயன்படுத்தவில்லை.”

முன்னோர் செய்ததை மாற்றுவது பாவம் என்பதால், வண்டியில் இனி ஒரு ஆணியும் மாற்றக்கூடாது என்று அன்றே ஆணை வந்தது. அடுத்த வாரம், வண்டி உருவாகத் துணைநின்ற நாற்பத்திரண்டு அதிகாரிகளின் பெயர்களைக் கொண்ட செப்புத் தகடு, அதே மாதிரியில் செய்யப்பட்ட ஒவ்வொரு வண்டியிலும் அறையப்பட்டது. தகட்டின் எடை இரண்டு கல். அதன் பிறகு அரச முத்திரை வைத்தார்கள். முத்திரை விழுந்ததும் வண்டியும் மன்னருடையது ஆயிற்று. மன்னருடையது தரையில் படக்கூடாது.

ஆகவே பெண்கள் வண்டியைத் தலையில் சுமந்தார்கள். வண்டிக்கு ஆறு பேர், உள்ளே நாலு கல், மேலே தகடு. புதுமை வந்துவிட்டதால் தினக்கணக்கும் இரட்டிப்பாயிற்று.

வண்டியின் முன்பக்கத்தைச் சுமந்த மாரக்காள் மூச்சிரைக்கச் சொன்னாள்: “ஏ சடைச்சி, நீ பேசாம இருந்திருந்தா கல்லு மட்டுந்தாண்டி தலையில இருந்திருக்கும். இனிமே உனக்கு யோசனை வந்தா வாயில சோத்தை வச்சு அடைச்சிக்க.”

இடது கையில் சும்மாட்டுத் துணி இருப்பதே சடைச்சிக்குத் தெரியாமல் போயிருந்தது. மழைக்கு முன்பாக ஆற்றில் முழங்கால் தண்ணீர் இருந்த ஒரு காலையில் அவள் அக்கரைக்கு நடந்துவிட்டாள்.

கரைநாடு சொர்க்கம் ஒன்றும் இல்லை. அங்கும் கல் கனம்தான், வெயிலும் அதே வெயில்தான். கல்குழிப் பட்டறையை நடத்திய அழகுநாச்சி வாய் திறந்தால் வசவு. சடைச்சி வண்டியைத் திரும்பச் செய்து காட்டியதும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “இது எங்க உடையும்?”

சடைச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. “உடையாதுங்க.”

“உடையாத சாமான் உண்டாடி? நாலு நடை ஓட்டு, பாப்போம்.”

மூன்றாவது நடையில் உடைந்தது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் அச்சு கோணல் என்றான். ஒருத்தி கைப்பிடி குட்டை என்றாள். “சக்கரம் இழுக்காம என்ன செய்யும், பாரம் ஒரு பக்கமா தொங்குதே” என்றான் இன்னொருவன். பொழுது சாயும்வரை ஒன்பது குறை சொன்னார்கள். அவமானத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சடைச்சிக்கு ஏழாவது குறை வரும்போதுதான் ஒன்று உறைத்தது: இவர்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. அவளோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

மழை முடிந்தபோது வண்டி ஓடியது. அதற்குச் சில மாதம் கழித்து ஒருநாள் சோற்றில் கை வைத்தவள் சுட்டது என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அதே கையை மறுபடி சோற்றில் வைத்து, அது சுடுவதை அப்படியே வாங்கிக்கொண்டாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அழகுநாச்சியைப் பார்த்துக் கும்பிட்டாள். “எதுக்குடி கும்பிடுற, குழம்பு வேணுமா?” என்றாள் அந்த அம்மாள்.

மறு ஆண்டுப் பட்டியலில் கரைநாட்டு வண்டி முதலில் நின்றது. செய்தவள் பெயர் தெரிந்ததும் தலைக்கோட்டையில் தெருவெங்கும் பதாகைகள் எழுந்தன: ‘உலகை உருட்டும் நம் மண்ணின் மகள்!’ அமைச்சர் மங்களமூர்த்தி பொன்னாடையோடும் நன்றிக் கடிதத்தோடும் ஆற்றைக் கடந்து வந்தார். கடிதத்தைச் சடைச்சி மன்னருக்கு எழுதியதாகவே அவர் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

“கையெழுத்து மட்டும் போட்டால் போதும் அம்மா.”

“போடுறேன் சாமி. அங்க பொம்பளைங்க வண்டியைத் தரையில வச்சு ஓட்ட விடுங்க. அது போதும்.”

அமைச்சர் வருத்தத்தோடு தலையசைத்தார். “அது பண்பாடு. அதில் கை வைக்க இயலாது. இன்னொரு விஷயம், மன்னர் மகிழ்ந்துபோய்க் கரைநாட்டிலிருந்து இருநூறு வண்டி வாங்கச் சொல்லியிருக்கிறார்.”

“அதையும் தலையிலயா?”

“என்ன அம்மா இப்படிக் கேட்கிறீர்கள்? அது வெளிநாட்டு வண்டி. நம் மரியாதை அதற்குப் பொருந்தாது. எங்கே வேண்டுமானாலும் உருட்டலாம்.”

சடைச்சி கடிதத்தை வாங்கி, நாற்பத்திரண்டு பேருக்கும் மன்னருக்கும் மனதார நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதில் பொய் இல்லை. மாரக்காளின் கழுத்து பிழைத்தால் அவள் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்லுவாள்.

இருநூறு வண்டியும் படகேறும் நாளில், கரைநாட்டு முத்திரையைத் தீட்டிக்கொண்டிருந்த பையனிடமிருந்து தூரிகையைப் பிடுங்கினாள்.

“இம்புட்டுக்காணும் போட்டா எப்படிப்பா? நல்லாப் பெருசா போடணும். செஞ்சது அவங்க ஊர்க்காரின்னா வண்டியும் அவங்களுதுதான்னு எவனாவது கண்டுபிடிச்சான்னா, திரும்பத் தலையில ஏத்திருவான்.”