பால்வெளியும் பதினாலாவது கம்பமும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, வானத்தை ஒரு போட்டோ எடுக்குறது.

வானம் எங்கயும் ஓடிப் போகாது, கேமரா என்கிட்ட இருக்கு, இதுல என்ன கஷ்டம்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

காரணம் என் ஓர்ப்படி செலின். பிரான்ஸ்ல இருக்கா. லீவுக்கு நார்வே போயி, வானம் முழுக்கப் பச்சைத் துணி காயப்போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வருமே, அதை எடுத்து குடும்ப குரூப்ல போட்டா. ஒண்ணு போட்டா பரவாயில்ல, காலையில டீ போடும்போது ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ஒரு வாரம் போட்டா. கடைசில கீழ ஒரு வரி: "பாவம்க்கா, நம்ம வில்லியனூர்ல இதெல்லாம் பாக்க முடியாது."

அந்த "பாவம்க்கா" என்னால செரிக்க முடியல. உடனே டைப் பண்ணிட்டேன். "நம்ம ஊர்லயே பால்வெளி தெரியும் செலின். ஞாயித்துக்கிழமைக்குள்ள போடுறேன்."

மாமனார் கட்டைவிரல் போட்டார். நாத்தனார் கை தட்டினா. இனிமே பின்வாங்கினா அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் இதையே சொல்லிக் காட்டுவாங்க.

எங்க வூட்டுக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார். "உனுக்கு வாயி கொஞ்சம் ஜாஸ்தி." சொல்லிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதான் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது.

அன்னைக்கு அமாவாசை. மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் வானம் தெளிவா இருந்துச்சு. பொழுது சாய்ஞ்சதும் கிளம்பினோம்.

முதல்ல கரிக்கலாம்பாக்கம் பக்கம். போன வருஷம் நான் பாத்து வச்ச இடம், சுத்தி நெல்லுதான், கும்மிருட்டு. போய்ப் பாத்தா நெல்லைக் காணோம். அந்த இடத்துல ஒரு மனைப்பிரிவு ஆர்ச், அதுல கல்யாண மண்டபத்துக்குப் போடுற அளவுக்கு லைட்டு. வூடு ஒண்ணுகூட வரல, வெளிச்சம் மட்டும் குடி வந்துருச்சு.

அங்கேர்ந்து பாகூர் பக்கம் விட்டோம். ஒரு ஊர் வந்துச்சு. பேரு வேணாம், அங்க இருக்குறவங்க இதையும் படிக்கிறாங்க. தெருவுல வரிசையா லைட்டுக் கம்பம். ஒண்ணுகூட எரியல. தெரு முடியுற இடத்துல வாய்க்கால் மதகு, அதுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி.

அண்ணாந்து பாத்தேன். தென்மேற்குல லேசா புகை மாதிரி, மேல வரைக்கும் பால்வெளி. எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு. செலின் முகம் வேற ஞாபகம் வந்து சந்தோஷம் ரெண்டு மடங்காச்சு.

மதகு மேல ஸ்டாண்டைப் போட்டு கேமராவை மாட்டினேன். பட்டனை அமுக்கினா இருபது செகண்ட் கேமரா கண்ணைத் திறந்தே வச்சிருக்கும். அதுக்குள்ள எந்த வெளிச்சமும் படக்கூடாது. இதை எங்க வூட்டுக்காரர்கிட்ட விளக்கமா சொன்னேன். நல்லா கேட்டுக்கிட்டார். நான் பட்டனை அமுக்கினதும், "இருட்டுல எப்படி எடுப்ப, பாவம்"னு போன் டார்ச்சை வானத்தைப் பாத்து அடிச்சார்.

ரெண்டாவது தடவை பைக்ல ஒருத்தர் வந்து நின்னார். ஹெட்லைட் நேரா கேமரா மேல.

"இன்னா மேடம் எடுக்குறீங்க?"

நான் ஒளிவு மறைவு இல்லாம பதில் சொன்னேன். "இருட்டைத்தான் சார் எடுக்குறேன். இங்கதான் நல்லா இருட்டா இருக்கு."

அந்த மனுஷன் முகத்துல ஒரு நிம்மதி. "இன்னைக்காவது யாரோ வந்தீங்களே"ன்னு போனை எடுத்தார்.

எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். நம்ம பக்கத்துல தண்ணி வரலன்னாலும் ரோடு போடலன்னாலும் பேப்பர்காரங்க வந்து போட்டோ எடுப்பாங்க, ஊர் சனம் அந்தக் குழாய்க்கோ பள்ளத்துக்கோ முன்னாடி வரிசையா நிக்கும். காலையில பேப்பர் பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச போட்டோதான். ஸ்டாண்டோட ஒரு பொம்பளை இருட்டுத் தெருவுல நின்னா, வேற என்னன்னு நினைப்பாங்க?

கொஞ்ச நேரத்துல தெருவே மதகுக்கு வந்துடுச்சு. முன்னாடி சுமதி அக்கா, அங்க மகளிர் குழுத் தலைவி. நான் பேப்பர்லேர்ந்து வரல, நட்சத்திரம் எடுக்க வந்தேன்னு சொன்னேன். அவங்க நம்பவே இல்ல, ரொம்ப அனுதாபமா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. மேலிடத்துல கேட்டா அப்படியே சொல்லும்மா, உன் வேலைக்கு எதுவும் ஆகாம நாங்க பாத்துக்குறோம்னாங்க.

அப்புறம் ஏற்பாடு எல்லாம் அவங்கதான். பதினாலாவது கம்பம் படத்துல கட்டாயம் வரணும், அதுதான் மொதல்ல அணைஞ்சதாம். பொம்பளைங்க முன்வரிசை. ஆம்பளைங்க பின்னாடி, கைகட்டி. ஒரு பொண்ணு செல்பிக்கு நிக்குற மாதிரி பல்லைக் காட்டவும் அக்காவுக்குக் கோவம் வந்துச்சு.

"சிரிக்காதடி. பிரச்சனைக்கு வந்து நிக்கிறோம்."

அதுக்குள்ள தெக்கால மேகம் ஏற ஆரம்பிச்சிடுச்சு. நான் மேகத்தையும் கேமராவையும் மாத்தி மாத்திப் பாத்தேன். எங்க வூட்டுக்காரர் காதுகிட்ட வந்தார். "எட்துக் குட்துடு. அவுங்க போனதும் உன் நட்சத்திரத்தை எடு."

வேற வழியில்ல. எல்லாரும் இருபது செகண்ட் அசையாம நிக்கணும்னு கெஞ்சினேன். நின்னாங்க. அவ்வளவு கோவமா, அவ்வளவு அசையாம நின்ன கூட்டத்தை நான் பாத்ததே இல்ல. பைக்ல வந்தவர் மட்டும் கொசு கடிச்சுத் திரும்பினதுல அவருக்கு ரெண்டு தலை விழுந்துச்சு.

அவங்க போனதும் மேகமும் வந்துடுச்சு. வானம் மூடிக்கிச்சு.

வூட்டுக்கு வந்து பாத்தேன். என் வாழ்நாள்ல எடுத்ததுலயே அருமையான பால்வெளி. ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலை வரைக்கும், பொடி நட்சத்திரம்கூட தெளிவா இருக்கு. அதுக்குக் கீழ முறைச்சுக்கிட்டு ஒரு தெரு. நடுவுல கம்பம்.

கையில வேற படமும் இல்ல. ஞாயித்துக்கிழமை அதையே குரூப்ல போட்டேன். செலின் பதில் வந்துச்சு. "சூப்பர்க்கா. இவங்கல்லாம் யாரு, ஏன் உங்க மேல கோவமா இருக்காங்க?"

சுமதி அக்காவுக்கும் ஒரு காப்பி அனுப்பினேன். அவங்க அதை எங்கெங்கயோ தட்டிவிட்டிருக்காங்க. அந்த ரெண்டு தலைக்காரராலதான் படம் காட்டுத்தீயா பரவுச்சுன்னு பிற்பாடு தெரிஞ்சுது.

அடுத்த வாரம் வானம் கொஞ்சம் வெளிவாங்குச்சு. இந்தத் தடவை ஆளே இல்லாம எடுத்துடணும்னு யாருக்கும் சொல்லாம போனோம். தெரு முனையில திரும்பினதும் எங்க வூட்டுக்காரர் பிரேக் போட்டார். எல்லாக் கம்பத்துலயும் புது எல்இடி. பதினாலாவது கம்பத்துல ரெண்டு. மதகு பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு. அண்ணாந்து பாத்தா ஒரு நட்சத்திரம் கூட இல்ல.

சுமதி அக்கா எனக்கு கோலி சோடா வாங்கிக் குடுத்தாங்க. எல்லாரையும் கூப்பிட்டு அதே கம்பத்துக்கு முன்னாடி நிக்க வச்சாங்க, இப்ப சிரிக்கலாம்னு உத்தரவு. நானும் எடுத்தேன். அவங்க சந்தோஷத்தைப் பாத்து எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என் ஒரே இருட்டை நானே ஒழிச்சுட்டேன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, சோடாவோட முழுங்கிட்டேன்.

நேத்து ஒரு புது நம்பர்லேர்ந்து போன். பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு அம்மா பேசினாங்க. சுமதி அக்கா நம்பர் குடுத்தாங்களாம். அவங்க தெருவுல மழைக்கு அப்புறம் ஒரு லைட்டும் எரியலையாம்.

எனக்குக் காது நிமிர்ந்துச்சு. மேக்கால மரம் மட்டை இருக்கான்னு கேட்டேன். இல்லையாம், வெட்டவெளியாம். உடனே கண்டிஷன் போட்டேன். நாளைக்கே வரேன், ஆனா நான் வர்ற விஷயம் வெளியில ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது.

"அய்ய, நாங்க ஏன் மேடம் வெளில சொல்லப் போறோம்? தெருக்காரங்க மட்டுந்தான் நிக்கப் போறோம்."