சாவி கையில், எஞ்சின் ஓட்டத்தில்

ஒரு விஷயத்தைத் தமிழில் எழுதிவிட்டால் அது நமக்குத் தெரிந்துவிட்டது என்று நம்புவது பத்திரிகை வேலையில் வரும் நோய். எனக்கு அது முப்பத்தொன்றாவது வயதில் முற்றியது. அவதிப்பட்டது என் அண்ணன் குடும்பம்.

அப்போது நான் பினாங்கில் ஒரு தமிழ் நாளிதழின் துணையாசிரியர். நீதிமன்றச் செய்தி, மரண அறிவிப்பு போக, வாரத்துக்கு ஒரு முறை வாகனப் பக்கமும் என் தலையில் விழும். ஆங்கிலத்தில் வரும் கட்டுரைகளை மொழிபெயர்க்க வேண்டும். நான்கு வருடங்களில் டீசல் எஞ்சின், கியர், பிரேக் என்று எழுதித் தள்ளியிருந்தேன். ஒரு வண்டியின் முன்மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. (என்னிடம் இருந்தது சைக்கிள். அதற்கும் கடைக்காரர்தான் காற்றடிப்பார்.) வீட்டில் யாரும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. "தம்பிக்கு வண்டின்னா அத்துப்படி" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

அண்ணன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் பதினான்கு வருடம் குமாஸ்தா. எண்பதுகளின் நடுவில் அந்தப் பிரிவையே மூடி, ஆளுக்கொரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அண்ணி மங்களம் பெரிய அளவில் சமைக்கக்கூடியவர். கோயில் விசேஷங்களுக்கு இருநூறு பேர் என்றாலும் அசராமல் உலை வைப்பார். பினாங்குப் பாலத்துக்கு அப்பால், ஜுருவில் ஒரு தொழிற்சாலை. அதன் கேண்டீனில் மலாய், சீன, இந்தியச் சாப்பாட்டுக்குத் தனித்தனிக் கடைகள். இந்தியக் கடையை நடத்தியவர் விட்டுவிட்டுப் போக, ஊழியர் நலன் பார்க்கும் தமிழ் அதிகாரி அண்ணிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரு நாள், நூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குப் பரிமாற வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்குப் பிடித்தால் அடுத்த மாதம் முதல் கடை அவர்களுக்கு. சொந்த வண்டி வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

"நீயே பார்த்து வாங்கு தம்பி. எனக்கு என்னா தெரியும்?" என்றார் அண்ணன்.

கெப்பாலா பத்தாஸில் காய்கறி பயிரிடும் ஒரு சீனர் தன் பழைய டீசல் பிக்கப்பை மலிவாக விற்பதாகத் தெரிந்தது. பதினேழு வருட வண்டி. அவரே ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசல் வரை ஓட்டி வந்து கொடுத்தார். புகையின் நிறத்தை வைத்து எஞ்சினின் ஆரோக்கியத்தை அறியலாம் என்று நான் எழுதியிருந்தேன். ஆகவே அவர் வண்டியை நிறுத்தியபோது நான் பின்பக்கம் நின்று, குறிப்பேட்டில் 'வெளிர் சாம்பல்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எதைச் செய்து எஞ்சினை அணைத்தார் என்பதைப் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் பக்கம் கையைக் காட்டி, மலாயில் ஏதோ விளக்க ஆரம்பித்தார்.

"தாஹு, தாஹு" என்றேன். தெரியும், தெரியும்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கதையில் வண்டியைப் பற்றி உண்மை தெரிந்த முதல் மனிதர் அவர். அவரை நான் பேசவே விடவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வண்டியை மேம்படுத்தினேன். அண்ணன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். என்னைக் கேட்க ஆளில்லை. எழுத்துக் கலைஞர் ஒருவரை வரவழைத்து 'மங்களம் உணவுச் சேவை' என்று மூன்று மொழிகளில் எழுத வைத்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வண்டியில் நான் சரிபார்த்தது அது ஒன்றைத்தான். பின்தளத்தில் அந்த விவசாயி குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் அடித்திருந்தார். பார்க்க அசிங்கமாக இருந்தன. பிடுங்கி எறிந்துவிட்டுப் பூப்போட்ட லினோலியம் தரைவிரிப்பை ஒட்டினேன். வழவழவென்று, ஒரு துடைப்பில் சுத்தமாகும்.

முன்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வெளியே வந்தது, விட்டால் உள்ளே போனது. பெட்ரோல் வண்டிகளில் 'சோக்' என்று ஒன்று உண்டு, டீசலுக்கு அது தேவையில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். எவனோ விவரம் தெரியாதவன் மாட்டிய வேலை என்று முடிவுசெய்து, பின்னால் இருந்த கம்பியைக் குறட்டால் வெட்டி, குமிழைக் குப்பையில் போட்டேன். அந்தத் துளையில் ஒரு வட்டக் கடிகாரம் பொருத்தினேன். நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வண்டியில் கடிகாரம் இருக்க வேண்டாமா?

அந்த நாள் வந்தது. அண்ணன் வந்து வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. நான் பெருமையோடு ஏறிக்கொண்டேன். அவர் வீட்டில் பானைகளை ஏற்றும்போது அணைக்கப் போனவரைத் தடுத்தேன். "டீசல் வண்டிய அடிக்கடி நிறுத்தக்கூடாது அண்ணே. ஓடட்டும்." அதையும் எங்கோ எழுதியிருந்தேன். கோழிக்கறி ஒரு பானை, பருப்பு ஒரு பானை, சோறு இரண்டு, முட்டைக்கோஸ், ரசம், ஒரு டின் அப்பளம். முன்னிருக்கையில் அண்ணன் ஓட்ட, நடுவில் அண்ணி, ஓரத்தில் நான். பாலம் தாண்டி ஜுரு வாசலை அடைந்தபோது என் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது.

"பார்த்தீங்களா அண்ணி, நாப்பது நிமிஷம் கையில இருக்கு."

"பரிமாறி முடி, அப்புறம் பேசு" என்றார் அண்ணி.

வாசலில் ஒரு சீக்கியக் காவலர். நரைத்த தாடி, விறைப்பான சட்டை. தமிழ்ப் பெண்கள் நிறைய வேலை செய்யும் அந்த வாசலில் நின்று நின்றே தமிழ் பழகியவர். உள்ளே போகும் வண்டி எதுவானாலும் எஞ்சினை அணைத்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"எஞ்சின் அடைச்சிடு" என்றார்.

அண்ணன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. மறுபடி திருப்பினார். ஓடியது. சாவியை உருவி எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காவலரிடம் காட்டினார்.

காவலர் சாவியைப் பார்த்தார். அதிர்ந்துகொண்டிருந்த முன்மூடியைப் பார்த்தார். "சாவி வெளியே இருக்கு, எஞ்சின் உள்ளே ஓடுது. என்கிட்ட விளையாட்டு காட்டுறியா?"

நான் இறங்கி விளக்கினேன். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தில்தான் எரிகிறது, ஆகவே சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"சரி, வேற எதுக்குத்தான் சம்பந்தம்?" என்று கேட்டார் அண்ணி.

எனக்குத் தெரியவில்லை. நான் மொழிபெயர்த்த டீசல் கட்டுரையின் கடைசிப் பத்தியை, இடம் போதாமல், நான் வெட்டியிருந்தேன்.

"கியரப் போட்டு, பிரேக்க மிதிச்சு, கிளச்ச விட்டா செத்துப்போகாது?" என்றார் அண்ணன்.

"ஐயோ, கியர் பெட்டி தூளாயிடும்! சும்மா இருங்கண்ணே." பதினான்கு வருடம் கோப்புகளைப் பார்த்த மனிதர் சரியாகச் சொன்னார். வாகனப் பக்கத்தின் ஆசிரியர் அவரை அடக்கினார்.

அண்ணி, "கேண்டீன் அதோ தெரியுது. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். காவலரும் தலையசைத்தார்.

"ரெண்டே நிமிஷம் அண்ணி."

இத்தனை வருடங்களில் நான் சொன்ன பொய்களில் விலை அதிகமானது அதுதான். காவலரிடம் ஸ்பேனர் வாங்கி, பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். கடிகாரம் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. முன்மூடிக்குள் தலையை விட்டு, கையில் பட்ட ஒவ்வொன்றையும் அசைத்தேன். சட்டை கறுப்பானதுதான் மிச்சம். பின்னால் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. இரண்டு நிமிடம் முப்பது நிமிடமானது. உள்ளே சங்கு ஊதியது. சீருடைப் பெண்கள் கேண்டீனை நோக்கிச் சாரிசாரியாகப் போவது தெரிந்தது. அண்ணி இறங்கி, வண்டியின் பின்கதவைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். தமிழர், கைலியை மடித்துக் கட்டியிருந்தார்.

"என்னா தலைவரே, வாசல்லயே குடித்தனமா?"

"நிக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இழுக்குற குமிழு எங்க?"

"எந்தக் குமிழு?"

"கறுப்பா இருக்குமே இங்க. அத இழுத்தாத்தானே டீசல் சாகும்."

நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அது பன்னிரண்டு ஏழில் நின்றிருந்தது. பிறகு அண்ணன் என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் என்னிடம் எந்த வண்டியைப் பற்றியும் பேசியதில்லை.

லாரிக்காரர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "பின்னால என்னா இருக்கு? யாராச்சும் புடிச்சுக்குங்க."

"மூடியெல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கு. நீங்க போடுங்க" என்றேன். (நான் பின்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

அண்ணன் சொன்னதையே அவர் செய்தார். கியர், பிரேக், கிளச். வண்டி ஒரே ஒரு எகிறு எகிறியது, செத்தது. கியர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த அமைதியில், பூப்போட்ட லினோலியத்தின் மேல் பானைகள் நிதானமாக வழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கோழிக்கறிப் பானை முதலில், பருப்பு அடுத்து, சோற்றுப் பானை ஒன்று அதன் பின்னால். திறந்திருந்த கதவு வழியாகத் தார்ச்சாலையில் விழுந்தன. மூடிகள் உண்மையிலேயே இறுக்கமாகத்தான் கட்டப்பட்டிருந்தன, விழுகிற வரைக்கும். குழம்பு அண்ணியின் சேலையில் முழங்கால் வரை தெறித்தது. அவர் நகரவில்லை.

அதிகாரி நடந்து வந்தபோது பன்னிரண்டே முக்கால். நல்ல மனிதர். தரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லக்கா, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார். நூற்றிருபது பேரும் பக்கத்துக் கடைகளில் வாங்கிச் சாப்பிட்டார்கள். இன்னொரு நாள் வரவில்லை. கடை வேறொருவருக்குப் போனது.

வண்டியை அந்த லாரி ஓட்டுநரின் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அரை மணி நேரத்தில் புதுக் கம்பியும் குமிழும் போட்டு, மரச்சட்டங்களைத் திரும்ப அடித்து, பல வருடம் ஓட்டினார். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் அதை அடிக்கடி பார்ப்பேன். மேலே பூசிய சாயத்துக்கு அடியில் 'மங்களம்' என்ற எழுத்துகள் தெரியும். பிழையில்லாமல்.

அண்ணன் ஒரு கிடங்கில், பாதிச் சம்பளத்தில், கணக்குப் பிள்ளையானார். அண்ணி அடுத்த வருடம் அதே தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். பதினாறு வருடம் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தார். அந்த இந்தியக் கடையில்தான் மத்தியானம் காசு கொடுத்துச் சாப்பிட்டார்.

இப்போது இது குடும்பத்தின் வேடிக்கைக் கதை. நான் மின்விசிறி வாங்கினாலும் கைப்பேசி வாங்கினாலும், "சித்தப்பா, எப்படி நிறுத்துறதுன்னு கேட்டீங்களா?" என்பார்கள் அண்ணன் பிள்ளைகள். தீபாவளிக்குக் கூடினால் கதை நிச்சயம். பெரியவன் சாவியைத் தூக்கிக் காட்டி நடிப்பான், சின்னவன் வாயால் எஞ்சின் ஓட்டுவான். நான் கடிகாரத்தைப் பார்க்கிற கட்டத்தை நானே நடித்துக் காட்டுவேன். சிரிப்பில் வீடு அதிரும். அண்ணனும் சிரிப்பார்.

அண்ணி சிரிக்கமாட்டார். சமையலறை வாசலில் நின்று, எல்லாரும் அடங்கும் வரை பார்த்திருந்து, ஒவ்வொரு வருடமும் ஒன்றைத்தான் சொல்வார்.

"மீந்த சோத்தப் போட்டு, ரசத்த ஊத்தி அந்த சிங்குக்குக் கொடுத்தேன். ரெண்டாவது தடவையும் தட்ட நீட்டுனாரு. அதையும் சேர்த்துச் சொல்லு தம்பி."

நான் முப்பது வருடம் செய்தி எழுதியவன். அந்த மதியம் வாசலில் நடந்ததை நிமிட வாரியாகச் சொல்வேன். அதை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்நேரம் லாரி ஓட்டுநரிடம், டீசல் எஞ்சின் வேலை செய்யும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.